தோட்டத்துப் பொம்மைகளும் தொலைக்காட்சி வீரர்களும்

மலாக்கா நகரின் ஜோங்கர் தெருவில் பழம்பொருள் கடைகள் பல உள. சீனத்துப் பீங்கானையும் பழங்காலத்து நாணயத்தையும் நோன்யா வீட்டு நாற்காலியையும் தேடி அங்கு வருவோர் மிகப் பலர். 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்நகரை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்த பின்னர், வார இறுதிகளில் அத்தெருவில் கால் வைக்க இடமிராது. சில ஆண்டுகளுக்கு முன் அக்கடைகளுள் ஒன்றில், தகரக் கார்களுக்கும் தாளம் தட்டும் குரங்குக்கும் நடுவே, கண்ணாடிப் பேழைக்குள் ஒரு பிளாஸ்டிக் வீரன் நிற்கக் கண்டேன். ஐந்தரை அங்குல உயரம், மஞ்சள் முடி, மல்யுத்தக்காரனையும் வெட்கப்படச் செய்யும் புடைத்த தசைகள். விலைச் சீட்டைப் படித்தபோது, பால்மரம் வெட்டிய என் தந்தையார் ஒரு காலத்தில் மாத முடிவில் வீட்டிற்குக் கொணர்ந்த சம்பளம் நினைவுக்கு வந்தது.

அவ்வீரனை நான் முன்பே அறிவேன். அவன் எங்கள் லயத்து வீட்டில் ஓராண்டுக்கும் மேலாகக் குடியிருந்தவன். அவனைப் பற்றிக் கூறுமுன், அவன் வந்து சேர்ந்த உலகத்தைப் பற்றிக் கூறிவிடுவது முறை.

தமிழர் தம் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களை இலக்கியத்தில் மறந்தவர் அல்லர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலையில், உலரும் நெல்லைத் தின்ன வந்த கோழியை ஓட்ட மகளிர் காதணியைக் கழற்றி எறிகின்றனர். அப்பொற்குழை, சிறுவர் உருட்டிவரும் மூன்று கால் சிறுதேரின் வழியில் தடையாய்க் கிடக்கிறது. பின்வந்த புலவர் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என மூன்று பருவங்களை ஆண்பிள்ளையின் ஆட்டத்திற்கென்றே ஒதுக்கினர். காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் வீட்டுச் சிறுதேர் இவ்வாறு ஏட்டில் ஏறி ஈராயிரம் ஆண்டு நிலைத்துவிட்டது. நூறாண்டுக்கு உட்பட்ட நம் தோட்டத்துச் சிறுதேரோ எந்த ஏட்டிலும் இல்லை.

இந்நாட்டில் வணிக நோக்குடன் ரப்பர் பயிரிடப்பட்டது மலாக்காவில்தான். 1896-இல் டான் சே யான் என்னும் சீனப் பெருவணிகர் புக்கிட் லிந்தாங்கில் அதனைத் தொடங்கினார். பின்னர் அசகான், ஜாசின், மெர்லிமாவ், ரிம், அலோர் காஜா, தெபோங் என்று பால்மரக்காடு பரவிய இடமெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் லயங்களில் குடியேறின. தாயும் தந்தையும் விடியுமுன்னரே பிரட்டுக்களத்துக்குப் போய்விடுவர். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகைக்குச் செல்லும். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குத் தோட்டமே ஆயா. கண்ணில் பட்டதெல்லாம் பொம்மை.

அப்பொம்மைகளுள் முதன்மையானது ஒட்டுப்பால் பந்து. வெட்டுக்கோட்டில் உறைந்து கிடக்கும் பாலை நாடாபோல் உரித்து, ஒரு சிறு கல்லின் மேல் இழுத்து இழுத்துச் சுற்றுவோம். கல் மறைந்து கைக்கடக்கமான உருண்டை வந்ததும் தரையில் ஓங்கி அடித்தால் லயத்துக் கூரைக்கு மேல் எழும்பும். கடையில் விற்ற எந்தப் பந்தும் அவ்வளவு உயரம் எழும்பியதில்லை என்று இன்றும் சாதிப்பேன். ஆனால் அது இலவசப் பந்தன்று. ஒட்டுப்பால் எடை போட்டுக் காசு தரப்படும் பொருள். பிள்ளை ஒரு பந்து சுற்றினால் தாயின் எடையில் அந்த அளவு குறையும். தண்டல் பார்த்தால் திருட்டு என்பார். தாய் பார்த்தால் பேசாமல் இருப்பாள். அவள் அந்தப் பந்துக்குக் கூலியில் விலை கொடுத்தாள் என்பதை நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குச் சென்ற பின்னரே உணர்ந்தேன்.

அடுத்தது ரப்பர் கொட்டை. வெயில் காலத்தில் காய்கள் பட்பட்டென வெடித்துக் கொட்டைகள் சிதறும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டை வைத்து உள்ளங்கையால் அழுத்துவோம். உடையாதது வெற்றி பெற்றது. பத்துக் கொட்டைகளை உடைத்த கொட்டைக்குப் பெயர் சூட்டி, சட்டைப் பையில் வைத்துக் காத்த பிள்ளைகள் உண்டு. கொட்டையைத் துளையிட்டுப் பருப்பை நோண்டி, உள்ளே குச்சியும் நூலும் செலுத்தி, மேலே மூங்கில் இறகு பொருத்தினால் சுழலும் விசிறி கிடைக்கும். மலாய்க்காரக் கம்பத்துச் சிறுவரும் இதனைச் செய்தனர். யார் யாரிடம் கற்றனர் என்று இனிப் பிரித்தறிய இயலாது. பெண்பிள்ளைகள் முற்றத்து மண்ணில் குழி பறித்து, அதே கொட்டைகளை இட்டுப் பல்லாங்குழி ஆடினர். மலாய்த் தோழியர் அதனைச் சோங்காக் என்றனர்.

சார்டின் டின்னில் செய்த லாரியையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். தேய்ந்த சிலிப்பரை வட்டமாக வெட்டினால் சக்கரம். குடைக் கம்பி அச்சு. சில கைதேர்ந்த பிள்ளைகள் அதன் முதுகில் பால் டின் ஒன்றைக் கிடையாகக் கட்டி, ஆலைக்குப் பால் ஏற்றிச் செல்லும் லாரியாக ஆக்கிவிடுவர். உலகெங்கும் குழந்தைகள் பெரியோரின் தொழிலைத்தான் பொம்மையில் நடித்துப் பார்க்கின்றனர். குழந்தைப் பூங்காவைத் தோற்றுவித்த பிரோபல், கோளமும் கனசதுரமும் உருளையும் அளித்துப் பிள்ளைகளைச் சிந்திக்கச் செய்தார் என்று பயிற்சிக் கல்லூரியில் படித்தேன். எங்கள் லயத்தில் பந்தும் டின்னும் சக்கரமும் அந்தக் கடமையைச் செய்து கொண்டிருந்தன. பாவம், அவற்றைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை.

காசு கொடுத்து வாங்கிய பொம்மைகள் ஆண்டில் சில நாள்களே வரும். மாசி மகத்தன்று, 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து முருகப்பெருமான் செங் சன்னாசிமலைக்குப் புறப்படும் விழாவுக்கு, தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக மக்கள் செல்வர். அங்கே கடை விரித்திருப்பர். ஊதல், காற்றாடி, தகரத் தவளை, காகித முகமூடி, நீர்த் துப்பாக்கி. தகர பொம்மைகள் பெரும்பாலும் ஜப்பானிலிருந்தும், பிளாஸ்டிக் பொம்மைகள் ஹாங்காங்கிலிருந்தும் வந்தவை. போருக்குப் பின் அமெரிக்கப் படையின் ஆதிக்கத்திலிருந்த ஜப்பான், தன் ஏற்றுமதிப் பொருள்களில் அந்நிலையைக் குறிக்கும் முத்திரையைப் பொறித்தே அனுப்பியது. அத்தகைய தகரக் கார் ஒன்றின் அடியைத் திருப்பிப் பார்த்தால், தோற்ற நாடு எழுந்து நடக்கப் பழகிய காலம் தெரியும். பொம்மையை முதலில் திருப்பிப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் எனக்கு அவ்வாறே வந்தது.

தோட்டத்துக் கடையில் தீக்கம் அட்டையும் தொங்கும். ஐந்து காசு கொடுத்துச் சிறு காகிதச் சுருளைக் கிழித்தால் உள்ளே ஓர் எண் இருக்கும். அந்த எண்ணுக்குரிய பரிசு கிடைக்கும். பெரிய பரிசு எப்போதும் அட்டையின் உச்சியிலேயே தொங்கிக் கொண்டிருக்கும். நமக்குக் கிடைப்பது விரல் அளவுப் பிளாஸ்டிக் ஆள். சூதாட்டத்தின் அரிச்சுவடி என்று தலைமையாசிரியர் என்ற முறையில் இன்று அதனைக் கண்டிக்கிறேன். அன்று என் தீபாவளிக் காசு முழுவதும் அங்கேதான் போயிற்று.

இனி வீரர்களுக்கு வருவோம். நாங்கள் முதலில் கண்ட வீர உருவம் தோட்டத்து எல்லையில் நின்ற மதுரைவீரன். ஓங்கிய வாள், முறுக்கிய மீசை, உருட்டிய விழி. பிற்காலத்தில் அமெரிக்கப் பொம்மைக்காரர் வாளோடு வீரர்களை வார்த்து அனுப்பியபோது எங்களுக்கு அது புதுமையாகத் தோன்றவில்லை. அடுத்த வீரர் எம்.ஜி.ஆர். திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டிய மறுநாள், தோட்டத்தில் ஒரு மட்டைக் கம்பும் மிச்சமிராது, அத்தனையும் வாளாகியிருக்கும்.

மூன்றாவது வீரன் சிவகாசியிலிருந்து வந்தான். 1972-இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்ட இரும்புக்கை மாயாவி அவன். பிரிட்டிஷ் சித்திரக்கதை ஒன்றின் தமிழ் வடிவமே எனினும், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அம்மாயாவியை நாங்கள் தமிழன் என்றே நம்பினோம். ஊரிலிருந்து யாரோ கொணர்ந்த இதழ், அட்டை கிழிந்து, பக்கம் குறைந்து, லயம் லயமாகச் சுற்றி வரும். அவனுக்குப் பொம்மை கிடையாது. சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சேர்த்துக் கையில் சுற்றிக்கொண்டால் நாமே மாயாவி. பொம்மை இல்லாத வீரனிடம் இந்த வசதி இருந்தது: அவனை வாங்க வேண்டியதில்லை, அவனாக ஆகிவிடலாம்.

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-இல் தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு 1978-இல் வந்தது. எங்கள் தோட்டத்தில் மண்டபத்துக்கு ஒரு பெட்டிதான். ஜப்பானில் 1966-இல் தோன்றிய அல்ட்ராமேன் அந்தப் பெட்டி வழியே எங்களை வந்தடைந்தான். வெள்ளியும் சிவப்புமான அவ்வுருவம் கைகளைக் குறுக்கே வைத்தால் ஒளி பாயும், அரக்கன் வீழ்வான். அவ்வாண்டிலேயே ஜப்பானின் மாருசான் நிறுவனம் அந்த அரக்கர்களை மென்மையான பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கத் தொடங்கிவிட்டது. தொலைக்காட்சிக் கதையும் பொம்மை வாணிகமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்ட மாடுகளானது ஏறத்தாழ அக்காலத்தில்தான். நமக்கு இரவுச் சந்தையில் கிடைத்தவை போலிகள். சில அல்ட்ராமேன்கள் பச்சையாக இருந்தன; ஒன்றுக்கு இரு கையும் இடக்கை. எனினும் அவையும் பறந்தன.

அமெரிக்காவில் இவ்வரலாறு 1964-இல் தொடங்குகிறது. ஹாஸ்புரோ நிறுவனம் கை கால் மடக்கக்கூடிய, பன்னிரண்டு அங்குலப் போர்வீரன் ஒருவனைச் செய்து ஜி.ஐ.ஜோ எனப் பெயரிட்டது. ஆண்பிள்ளைகள் பொம்மை என்றால் வாங்கமாட்டார்கள் என்றஞ்சி, அச்சொல்லையே விலக்கி ‘செயல் உருவம்’ என்று பொருள்படும் புதுப்பெயரை வழங்கியது. ஐந்தாண்டுக்கு முன்னர் மேட்டல் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த பார்பி பொம்மைதான். வீரன் பொம்மை அல்லனாம்! பின்னர் 1978-இல் விண்வெளிப் படமொன்றின் மாந்தர் விரல் நீள உருவங்களாகக் கடைக்கு வந்தனர். 1982-இல் மேட்டல் நிறுவனம் ஹீ-மேன் என்னும் வாள்வீரனையும் அவன் எதிரியான மண்டையோட்டு முகத்தானையும் வெளியிட்டது.

இவ்விடத்தில் நம் நாடு கதைக்குள் நுழைகிறது. 1971-இல் சுதந்திர வாணிப வட்டாரச் சட்டம் இயற்றப்பட்டதும், பினாங்கிலும் மலாக்காவின் பத்து பெரண்டாமிலும் அயல்நாட்டுத் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டத்துப் பெண்கள் பால்வாளியை வைத்துவிட்டு நீலச் சீருடை அணிந்து தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிய காலம் அது. 1980-களின் தொடக்கத்தில் மேட்டல் நிறுவனமும் பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஆலை நிறுவியது. அதன் ஹாட் வீல்ஸ் சிறுகார்களின் அடியில் ‘மலேசியா’ என்ற பெயர் பொறிக்கப்பட்டு உலகெங்கும் சென்றது. ஹீ-மேன் வரிசை வீரர்கள் தைவான், மெக்சிகோ முதலிய பல நாடுகளில் வார்க்கப்பட்டனர். அவற்றுள் மலேசியாவும் ஒன்று. அமெரிக்கப் பிள்ளைகள் படுக்கையில் அணைத்துக்கொண்ட வீரர் பலரின் முதுகில் நம் நாட்டின் பெயர் இருந்தது.

முதுகில் உள்ள ஆண்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ‘1981’ என்று பொறித்திருப்பதைக் கண்டு அவ்வாண்டில் செய்யப்பட்டது எனப் பலர் எண்ணுகின்றனர். அது உருவத்துக்கு உரிமை பெற்ற ஆண்டே. அதே அச்சில் பல ஆண்டுகள் வார்ப்பர். ஓலைச்சுவடியை நகல் எடுத்தவரின் காலத்தையும் நூலாசிரியரின் காலத்தையும் குழப்பிக்கொள்ளாத தமிழாசிரியர், இதிலும் குழப்பிக்கொள்ளலாகாது.

1984-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு முந்திய வாரம், பத்து பெரண்டாம் மின்னியல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருந்த என் பெரியம்மா மகள், புங்கா ராயா தெருவில் வாங்கிய ஒரு ஹீ-மேனை எனக்குக் கொடுத்தார். அக்காள் அதனைத் திருப்பி முதுகைக் காட்டி, “இங்க பாரு தம்பி, நம்ம நாட்டுல செஞ்சது” என்றார். தாம் ஆலையில் நாள்தோறும் தொட்ட பொருள் எதிலும் அவர் பெயர் பொறிக்கப்பட்டதில்லை. எந்தப் பொருளாகி எங்குச் செல்கிறது என்றும் அறியமாட்டார். அப்பெருமிதம் இன்னொரு தொழிற்சாலைப் பெண்ணுக்காக அவர் கொண்டது என்றே இப்போது கருதுகிறேன்.

அவ்வீரனின் இரு கால்களையும் உடலுக்குள் ஒரு ரப்பர் வளையம் பிணைத்திருந்தது. வலிமையெல்லாம் அந்த வளையத்தில்தான். ஓராண்டில் அது அறுந்தது. உலகைக் காத்தவன் முடமானான். தந்தையார் மாலையில் சைக்கிளின் பழைய டியூபிலிருந்து மெல்லிய வளையம் ஒன்றை வெட்டி, கொக்கிக் கம்பியால் உள்ளே செலுத்தி, இரு கால்களையும் மாட்டினார். கால் சற்று விறைப்பாகிவிட்டது. முன்னைவிட வீரமாகத்தான் நின்றான். ஈராண்டு கழித்து நாங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறியபோது லாரியில் சாமி படமும் அண்டாவும் அரிசி மூட்டையும் ஏறின. வீரன் ஏறவில்லை.

இவ்வாறு விடுபட்டவை எத்தனை! 1950-களிலும் 1960-களிலும் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வேலையிழந்த குடும்பங்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்தன. அத்துயரைத் தடுக்கவே துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். பின்னர்ச் செம்பனை வந்தது. அதன்பின் வீடமைப்புத் திட்டமும் தொழிற்பேட்டையும் வந்தன. ஒவ்வொரு பெயர்வின்போதும் முதலில் கைவிடப்பட்டது பிள்ளையின் பொருளே.

பொம்மையும் ரப்பரும் ஒட்டிப் பிறந்தவை என்பதற்குத் தமிழகத்திலும் ஒரு சான்று உண்டு. 1946-இல் சென்னை திருவொற்றியூரில் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை என்பவர் சிறிய கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். அதுவே மதராஸ் ரப்பர் பேக்டரியாக, எம்.ஆர்.எப். என்னும் பெரும் டயர் நிறுவனமாக வளர்ந்தது. 1987-இல் அந்நிறுவனம் ஹாஸ்புரோவுடன் கூட்டுச் சேர்ந்து பன்ஸ்கூல் என்னும் பொம்மை ஆலையை நிறுவி, ஜி.ஐ.ஜோ வீரர்களை இந்தியாவிலேயே வார்த்தது. பலூனில் தொடங்கியவர் டயர் வழியாகப் பொம்மைக்குத் திரும்பினார். அவ்வீரர்களின் இடுப்பையும் ஒரு ரப்பர் வளையமே தாங்குகிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் நிற வேறுபாடு கருதி இந்திய வார்ப்புகளைத் தேடி வாங்குகின்றனர் என்பது சுவையான செய்தி.

மீண்டும் ஜோங்கர் தெருவுக்கு வருகிறேன். கடைக்காரச் சீனப் பெரியவர் பேழையைத் திறந்து வீரனைக் கையில் தந்தார். திருப்பிப் பார்த்தேன், முதுகில் ‘மலேசியா’. பின்னர் அவர் எனக்கு மதிப்பிடும் முறையைப் பாடமாகவே நடத்தினார். பெட்டி பிரிக்கப்படாதிருந்தால் முதல் தரம். பிரித்திருந்தால் வாள், கோடரி, கேடயம், மார்புக் கவசம் நான்கும் வேண்டும். கால் தளரலாகாது, வண்ணம் உரியலாகாது. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிலவகைப் பிளாஸ்டிக் பிசுபிசுத்துப் போகும்; அதனையும் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே உள்ள வளையம் ஆலையில் போட்டதாக இருக்க வேண்டும். “யாராவது ரிப்பேர் செய்திருந்தால் விலை பாதி” என்று மலாய் மொழியில் முடித்தார்.

அவர்மீது குறை இல்லை. வாணிகத்தின் கணக்கு அது. ஆயினும் வரலாற்று மாணவன் அக்கணக்கைத் தலைகீழாகவே போட வேண்டும். பிரிக்கப்படாத பெட்டி ஆலையிலிருந்து கடை வரை வந்த செய்தியை மட்டும் சொல்லும். டியூப் வளையம் போட்ட வீரனே ஒரு வீட்டிற்குள் சென்று வந்தவன். மரபுடைமை நகரத்தில் பட்டத்துக்கென ஓர் அருங்காட்சியகம் அமைத்தனர், மகிழ்ச்சி. நம் சார்டின் டின் லாரிக்கு ஓர் அலமாரித் தட்டாவது வேண்டாவா?

இவ்வெண்ணத்துடன் பள்ளி நூலகத்தில் ஒரு கண்ணாடி அலமாரியை ஒதுக்கினேன். பிள்ளைகள் வீடுகளிலிருந்து கொணர்ந்தவற்றுள் பத்தில் ஒன்பது கடைப் பொம்மைகள்: கழுத்தில்லாத அல்ட்ராமேன், சக்கரம் இழந்த ஹாட் வீல்ஸ், இரு ஹீ-மேன்கள், ஒரு பேட்மேன். ஒரு பாட்டி தம் மரப்பாச்சியைக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துச் சென்றார். கட்டாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. கையால் செய்தது ஒன்றும் வரவில்லை. அவற்றைச் செய்து காட்ட, முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளரான ஒரு பெரியவரை அழைத்தேன். எழுபதைத் தாண்டியவர். லாரியை அரைமணியில் முடித்துவிட்டார். பந்துக்கு ஒட்டுப்பால் வேண்டுமே! சுற்றிலும் செம்பனை. ஜாசின் பக்கம் ஒரு மலாய்க்காரரின் சிறுதோட்டத்தில் கேட்டு, ஒரு பை நிறைய வாங்கி வந்தோம். அவரோ எடை போட்டுக் காசு பெற மறுத்துவிட்டார்.

பெரியவர் நூலக வாயிலில் அமர்ந்து, கல்லின் மேல் நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றினார். நாற்றம் தாங்காமல் ஐந்தாம் வகுப்பு மாணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றனர். சுற்றி முடித்து ஒருவன் கையில் கொடுத்து, “அடிடா தம்பி” என்றார். அவன் தயங்கித் தயங்கி மெதுவாக அடித்தான். பந்து நெஞ்சளவு எழும்பியது. “கை வலிக்க அடி” என்றார். அடித்தான். பந்து கூரையைத் தாண்டிப் போயிற்று. வகுப்பே அதன்பின் ஓடியது. பள்ளிக்குப் பின்னுள்ள பெரிய வாய்க்காலில் விழுந்திருக்க வேண்டும். மணி அடித்த பின்னும் தேடிக்கொண்டிருந்தனர். அலமாரியில் அதற்கென்று ஒதுக்கி, பெயர்ச்சீட்டும் எழுதி ஒட்டிய இடம் வெறுமையாகவே இருக்கிறது. பெரியவர் அடுத்த வாரம் மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.